கணப்பும் கொடியடுப்பும்

‘அடு’ என்னும் வினையடியாகப் பிறந்த பெயர் அடுப்பு. அடுதல் என்பது சமைத்தல். குளிர் காய்வதற்கெனத் தீ வளர்க்கும் இடத்தைத் தமிழர் கணப்பு என்றனர். ஒன்று வயிற்றுக்குரிய தீ. மற்றொன்று உடற்குரிய தீ. தமிழகத்துச் சமவெளியில் அடுப்பு ஆண்டு முழுதும் எரிந்தது. கணப்போ மழைக்காலத்து விருந்தாளி போல் வந்து சென்றது. குளிர்நாடுகளில் கணப்பே வீட்டின் நடுநாயகமாக வீற்றிருந்தது.

இவ்விரு தீக்கும் பொதுவான இடர் ஒன்று உண்டு, அதுவே புகை. தீயைத் திறந்தபடி எரியவிட்டால் வெப்பத்தின் பெரும்பகுதி வீணாகும். புகை, தீ மூட்டுவோர் கண்ணிலும் நெஞ்சிலும் இறங்கும். தீயை ஒரு கூட்டுக்குள் அடைத்து, உட்செல்லும் காற்றை அளந்து விட்டு, புகையைக் குழாய்வழியே வெளியேற்றினால் விறகும் மிஞ்சும், மூச்சும் மிஞ்சும். பழைய கணப்புக்குள் இரும்பு விறகடுப்பைப் பொருத்தும் மேனாட்டார் வேலையும், நம் கொடியடுப்புக்குப் புகைபோக்கி வைக்கும் வேலையும் இந்த ஒரே நுட்பத்தின் இரு முகங்களாம். அந்நுட்பம் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் எவ்வெவ்விடங்களில் நுழைந்தது, எந்த வீட்டு வாயிலில் நின்றுவிட்டது என்று காண்பது, இவ்வட்டாரத் தமிழர் வரலாற்றில் அதிகம் எழுதப்படாத ஒரு பக்கத்தைப் புரட்டுவதாகும்.

நூல்களில் தீ

நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் குளிர்காலத்து மாந்தரின் நிலை விரிவாகச் சொல்லப்படுகிறது. மழையில் நனைந்த கோவலர் தீயில் கை காய்ச்சிக் கன்னத்தில் ஒற்றிக்கொள்கின்றனர். நகரத்து மாந்தர் குவிந்த வாயையுடைய கன்னலில் உள்ள தண்ணீரை விலக்கிவிட்டு, அகன்ற வாயையுடைய ‘தடவு’ என்னும் கலத்தில் இட்ட நெருப்பின் வெம்மையை நாடுகின்றனர். இத்தடவே நம் இலக்கியம் காட்டும் கணப்புச் சட்டி. அதற்குப் புகைபோக்கி கிடையாது. வேண்டும்போது எடுத்து வைத்து, வேண்டாதபோது அகற்றிவிடுவது.

சமையல் அடுப்பைப் பற்றிய செய்தி புறநானூற்றில் வருகிறது. குமணனை நாடிச் சென்ற பெருந்தலைச் சாத்தனார், சமைத்தலையே மறந்துபோன தம் வீட்டு அடுப்பில் காளான் முளைத்திருப்பதாகக் கூறித் தம் வறுமையைப் புலப்படுத்துகிறார். அவ்வடுப்பு உயர்ந்த பக்கங்களை உடையது என்னும் குறிப்பும் அங்கே உள்ளது. வெறுந்தரையில் மூன்று கல்லைக் கூட்டிய நிலையைத் தமிழர் அடுப்பு சங்க காலத்திலேயே கடந்துவிட்டது என்று இதனால் துணியலாம்.

மூன்றாவது செய்தி குறுந்தொகையில் உள்ளது. கூடலூர் கிழார் பாடிய அப்பாட்டை அறியாத தமிழாசிரியர் இரார். புதுமணப்பெண் தன் கணவனுக்குப் புளிப்பாகு சமைக்கிறாள். குவளை போன்ற அவள் கண்களில் தாளிப்பின் புகை படிகிறது. கணவன் இனிது என்று உண்ண, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. இல்லறத்தின் இனிமையைக் காட்டவே அப்புகை அங்கே வந்தது, அதில் ஐயமில்லை. ஆயினும் அடுக்களையில் நிற்பவள் கண்ணிலேதான் புகை படிகிறது, உண்பவன் கண்ணில் படுவதில்லை என்பதும் அப்பாட்டிலேயே அடங்கியுள்ள உண்மையாகும்.

கொடியடுப்பு

பிற்காலத்துத் தமிழ் வீடுகளில் கொடியடுப்பு பரவலாக வழங்கியது. களிமண்ணால் ஒரு பேரடுப்பும் அதன் அருகில் ஒரு சிற்றடுப்பும் அமைத்து, இரண்டையும் உள்ளே ஒரு வழியால் இணைப்பர். விறகு வைக்கும் வாய் பேரடுப்புக்கு மட்டுமே உண்டு. அங்கே எரிந்த தீயின் மிச்ச அனல் உள்வழியே சென்று சிற்றடுப்பின் மேலுள்ள குழம்பையோ வெந்நீரையோ சுட வைக்கும். தாய்க்கொடியிலிருந்து கிளைக்கொடி பிரிவதுபோல் அனல் பிரிவதால் அதற்குக் கொடியடுப்பு என்று பெயர் வந்தது எனலாம்.

இவ்வமைப்பின் அருமையை எண்ணிப் பார்க்க வேண்டும். அனல் மேல்நோக்கி மட்டும் செல்வதன்று, வழி கொடுத்தால் பக்கவாட்டிலும் செல்லும் என்பதை இதனை வனைந்த பெண்கள் அறிந்திருந்தனர். தீயைக் கூட்டுக்குள் அடைத்தலும், அனலுக்கு வழி வகுத்தலும் ஆகிய இரண்டும் இதில் உள்ளன. குறையாக நின்றது ஒன்றே. சிற்றடுப்பைத் தாண்டி வந்த புகைக்குக் கூரைவரை ஒரு குழாய் இல்லை. அனலுக்கு வழி வகுத்தவர்கள் புகைக்கு மட்டும் ஏன் வழி வகுக்கவில்லை?

ஓலைக்கூரைதான் அதற்கு ஒரு விடை தருகிறது. புகை பட்ட ஓலையைப் பூச்சி எளிதில் அரிப்பதில்லை. அடுப்புக்கு மேலே பரண் அமைத்து அதில் விதைத் தானியத்தையும் புளியையும் வைத்தால் புகையே அவற்றுக்குக் காவலாகும். புகையால் தீங்கும் உண்டு, பயனும் உண்டு என்ற நிலையில் மக்கள் அதனோடு வாழ்ந்தனர். இதனை நினைவில் இருத்தினால், ஓலைக்கூரை போய்த் தகரக்கூரை வந்த பிறகு நேர்ந்தது விளங்கும்.

மேனாட்டில் நேர்ந்த மாற்றம்

ஐரோப்பாவின் பழைய வீடுகளில் கூடத்தின் நடுவே தீ எரிந்தது. புகை கூரைத் துளை வழியே போயிற்று. பின்னர் சுவரோடு ஒட்டிய கணப்பும் அதன்மேல் புகைபோக்கியும் வந்தன. 16ஆம் நூற்றாண்டளவில் இங்கிலாந்தில் இவ்வழக்கம் பெருகியது. புகை ஒருவாறு நீங்கியது. வெப்பமும் கூடவே நீங்கியது. திறந்த கணப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கோ இரு பங்கோதான் அறைக்குக் கிட்டும். எஞ்சியது புகைபோக்கி வழியே வானத்தைச் சுட வைக்கும். அதுமட்டுமன்று. மேலேறும் அனல் அறையிலிருந்த சூடான காற்றையும் இழுத்துச் செல்லும். அதை ஈடுசெய்யக் கதவிடுக்குகளின் வழியே குளிர்காற்று புகும். நெருப்பின் முன் அமர்ந்தவரின் முகம் வேக, முதுகு விறைக்கும்.

இதற்கு மாற்றுத் தேடியவருள் முதலில் நினைக்கத்தக்கவர் அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின். இருக்கின்ற கணப்பின் உள்ளேயே பொருத்தக்கூடிய வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்றை அவர் 1742ஆம் ஆண்டளவில் அமைத்தார். 1744இல் அதனை விளக்கி ஒரு சிறுநூலும் வெளியிட்டார். அதற்குக் காப்புரிமை தர முன்வந்தபோது, பிறர் கண்டவற்றால் நாம் பயன் பெறுவதுபோல் நாம் கண்டவற்றால் பிறர் பயன் பெறட்டும் என்ற கருத்தினராய் அதனை மறுத்தார். ஆயினும் அவருடைய முதல் அமைப்பு நன்கு வேலை செய்யவில்லை. புகையைக் கீழிறக்கிப் பின் மேலேற்ற அவர் முயன்றார். குளிர்ந்த புகை மேலேற மறுத்தது. டேவிட் ரிட்டன்ஹவுஸ் முதலியோர் புகைவழியைத் திருத்திய பின்னரே அவ்வடுப்பு புகழ் பெற்றது. இரும்புப் பெட்டி எவ்வளவு சிறந்ததாயினும் இழுப்பு இல்லாத அடுப்பு அடுப்பாகாது என்பது அப்போது தெளிவாயிற்று.

ரம்போர்டு பிரபு எனப்பட்ட பெஞ்சமின் தாம்சன் வேறு வழியில் சென்றார். 1796இல் வெளியிட்ட கட்டுரையில், கணப்பை இடித்துவிடாமலே திருத்தலாம் என்று அவர் காட்டினார். ஆழத்தைக் குறைத்து, பக்கச் சுவர்களைச் சாய்வாக்கி, புகைபோக்கியின் கழுத்தைச் சுருக்கினால் வெப்பம் அறைக்குள் திரும்பும். புகையோ விரைந்து மேலேறும். சில செங்கற்களும் ஒரு கொத்தனின் சிறிது நேர உழைப்புமே இதற்குத் தேவை. இலண்டனில் பல வீடுகளின் கணப்புகள் இம்முறையில் திருத்தப்பட்டன. பழையதை அழிக்காமல் அதனுள்ளே புதியதைப் பொருத்துதல் என்னும் நெறிக்கு இவ்விருவரும் முன்னோடிகள்.

பொருத்தும் முறை

இக்காலத்தில் பழைய மாளிகைகளின் கணப்பில் விறகடுப்பு பொருத்துவோரும் இந்நெறியையே பின்பற்றுகின்றனர். முதலில் புகைபோக்கியைத் துடைத்து, அதில் விரிசல் உண்டா என்று பார்ப்பர். பழைய செங்கற் புகைபோக்கி, திறந்த தீயின் மிகுந்த காற்றோட்டத்துக்கென அகலமாகக் கட்டப்பட்டது. மூடிய அடுப்பின் புகை அளவிற் குறைந்தது. அகன்ற வழியில் அது குளிர்ந்து, கீல் போன்ற படிவாக உட்சுவரில் ஒட்டும். நாளடைவில் அப்படிவே தீப்பற்றிப் புகைபோக்கியை எரித்துவிடக் கூடும். ஆதலின் துருப்பிடியா எஃகுக் குழாய் ஒன்றை மேலிருந்து கீழ்வரை உள்ளே இறக்கி அடுப்போடு இணைப்பர். புகைபோக்கியின் அடிவாயைத் தகட்டால் மூடி, குழாய்க்கு மட்டும் இடம் விடுவர்.

அடுப்பைச் சுற்றி வெப்பம் உலாவ இடைவெளி வேண்டும். முன்புறத் தரை தீப்பற்றாத கல்லாகவோ ஓடாகவோ இருத்தல் வேண்டும். மரத்தாலான பழைய அலங்காரச் சட்டம் அடுப்புக்கு மிக அருகில் இருத்தலாகாது. அறைக்குள் வெளிக்காற்று வர வழி வேண்டும். இன்றேல் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுக்காற்று உள்ளே தங்கி, அறியாமலே உயிரைக் கொள்ளும். அதனை உணர்ந்து ஒலி எழுப்பும் கருவி இன்றியமையாதது. விறகில் ஈரம் நூற்றுக்கு 20 பங்குக்கு மேற்படலாகாது. இவ்வளவும் அமைந்தால் விறகின் வெப்பத்தில் 100க்கு 70 பங்குக்கு மேல் அறைக்குப் பயன்படும். பழைய சட்டமும் ஓடும் இருந்தபடியே இருக்கும். பின்னொரு காலத்தில் அடுப்பை நீக்கினாலும் கணப்பு பழுதின்றி நிற்கும்.

மலையேறிய கணப்பு

இக்கணப்பு ஆங்கிலேயருடன் கப்பலேறி நம் மலைகளுக்கும் வந்தது. ஜான் சல்லிவன் 1822இல் உதகையில் கட்டத் தொடங்கிய கல்வீட்டுக்குப் பின் நீலகிரியிலும், தொடர்ந்து கொடைக்கானலிலும், இலங்கையின் நுவரெலியாவிலும் புகைபோக்கிகள் எழுந்தன. அங்கெல்லாம் குளிர் மெய்யாகவே கடுமையானது. கணப்புக்கு வேலை இருந்தது.

மலாயாவில் கோலாலம்பூரிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பிரேசர் மலை 1922இல் ஓய்விடமாகத் திறக்கப்பட்டது. கருங்கல்லால் கட்டிய மாளிகைகளும் அவற்றுள் கணப்புகளும் அங்கே அமைந்தன. கேமரன் மலையிலும் 1937இல் ஆங்கில நாட்டுப்புற விடுதியின் சாயலில் கணப்போடு கூடிய விடுதி ஒன்று எழுந்தது. பிரேசர் மலையின் இரவு வெம்மை 17 செல்சியசு பாகையளவுதான் இறங்கும். அதற்கு ஒரு கம்பளி போதும். அங்கே கணப்பில் எரிந்தது குளிருக்கான தீ என்பதினும், கடல் கடந்து வந்தவர்தம் ஊர் நினைவுக்கான தீ என்பதே பொருந்தும். எனினும் ஒன்று குறிப்பிடத்தக்கது. ஆண்டிற் சில நாள் தங்குவோர்க்காகக் கட்டிய மாளிகையில்கூடப் புகைக்கு ஒரு வழி வகுக்கப்பட்டிருந்தது.

செங்கல்லும் இரயிலும்

மலையடிவாரத்துக் கோலாலம்பூருக்குக் கணப்பு தேவைப்படவில்லை. ஆயினும் தீயால் உருமாறிய ஊர் அது. 1881இல் பெருந்தீ ஒன்று ஊரை அழித்தது. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. அத்தாப்புக் கூரையும் மரச்சுவருமாய் நெருங்கியிருந்த வீடுகள் எரிந்தபின், 1882இல் சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், செங்கல்லாலும் ஓட்டாலும் ஊரைத் திரும்பக் கட்டச் செய்தார். அதற்கு வேண்டிய செங்கற் சூளைகள் ஊருக்குத் தெற்கே எரிந்தன. பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே ‘செங்கற் களம்’ என்று பொருள்படும். தீ பரவாத ஊரைக் கட்டத் தீயில் வெந்த கல்லே துணை நின்றது.

1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் நோக்கி இரயில் ஓடத் தொடங்கியது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இரயில்வே குடியிருப்புகளால் பிரிக்பீல்ட்ஸ் வளர்ந்தது. பணிமனையால் செந்தூல் வளர்ந்தது. தமிழகத்தார் பலர் தண்டவாளத்திலும் பணிமனையிலும் உழைத்தனர். யாழ்ப்பாணத்தார் பலர் எழுத்தராகவும் நிலைய அலுவலராகவும் அமர்ந்தனர்.

நீராவி எஞ்சின் என்பது என்ன? சக்கரத்தின்மேல் வைத்த மூடிய அடுப்பு என்று அதனைச் சொல்லலாம். பெட்டிக்குள் தீ, அதற்குக் கதவு, காற்றை அளக்கத் திறப்பு, புகைக்குக் குழாய். 1804இல் ரிச்சர்டு டிரெவிதிக் வேலை முடிந்த நீராவியைப் புகைபோக்கிக்குள் செலுத்தினார். அதன் வேகம் புகையை இழுக்க, தீ மேலும் கொழுந்துவிட்டு எரிந்தது. பிராங்க்ளினைத் தடுமாறச் செய்த இழுப்பு என்னும் சிக்கல் அங்கே முற்றாகத் தீர்ந்தது. மலாயா எஞ்சின்கள் முதலில் விறகைத் தின்றன. பத்து ஆராங்கில் 1915இல் சுரங்கம் தொடங்கியபின் அவ்வூர் நிலக்கரியையும் தின்றன. அச்சுரங்கம் 1960இல் மூடப்பட்டது. பகலெல்லாம் இந்த அடுப்பை ஆண்ட தொழிலாளி மாலையில் வீடு திரும்பினால், அங்கே அவன் மனைவி ஊதுகுழலை வாயில் வைத்துப் புகையோடு போராடிக்கொண்டிருப்பாள். ஒரே குடும்பத்துக்குள் இரு வேறு நூற்றாண்டுகளின் தீ எரிந்தது.

ரப்பருக்கு ஒரு புகைக் கூடம்

இம்முரண்பாடு தோட்டங்களில் இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கின் ரப்பர்த் தோட்டங்களில் சேர்த்த பாலை அமிலமிட்டு உறையச் செய்து, உருளைகளுக்கிடையே அழுத்தி ஷீட்டாக்கி, புகைக் கூடத்தில் தொங்கவிடுவர். அடியில் விறகுத் தீ மெல்ல எரியும். 43 முதல் 60 செல்சியசு பாகைக்குள் வெம்மை நிற்க வேண்டும். சில நாள் இவ்வாறு புகையூட்டினால் ஷீட் தேன்நிறம் பெறும். புகையிலுள்ள பொருள்கள் பூஞ்சணம் பிடியாமல் அதனைக் காக்கும்.

வெப்பம் கூடினால் ஷீட்டில் குமிழி எழும். குறைந்தால் பூஞ்சணம் படரும். இரண்டாலும் தரம் தாழும், விலை விழும். ஆகவே புகைக் கூடத்தில் வெப்பமானி தொங்கியது. தீயைக் கவனிக்க இரவும் பகலும் ஆள் இருந்தது. கூரையில் திறந்து மூடும் காற்றுவாய்கள் இருந்தன. 1925இல் நிறுவப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கியபின், ஷீட் உலர்த்தும் முறையும் ஆராய்ச்சிப் பொருளாயிற்று. விறகு எவ்வளவு, காற்று எவ்வளவு, புகை எவ்வளவு என்று ஒவ்வொன்றும் அளக்கப்பட்டது.

அதே தோட்டத்தில், அதே ரப்பர் மரத்து விறகால் எரிந்த மற்றொரு தீ இருந்தது. அதனை எவரும் அளக்கவில்லை.

லயத்து அடுப்பு

தொடக்ககால லயங்கள் நீண்ட ஒரே கூரையின் கீழ் வரிசையாய் அமைந்த அறைகள். அடுப்பு திண்ணையோரத்திலோ பின்புறச் சாய்ப்பிலோ கூட்டப்பட்டது. மூன்று செங்கல், அல்லது களிமண்ணால் பூசிய ஓர் அடுப்பு, அதுவே குசினி. ‘குசினி’ என்பது போர்த்துகீசியச் சொல். இலங்கைத் தமிழிலும் மலேசியத் தமிழிலும் வேரூன்றிவிட்டது. சொல் கடல் கடந்து வந்தது, புகைபோக்கி வரவில்லை.

கூரை மாறியதும் இங்கே கருதத்தக்கது. ஊரிலிருந்த ஓலைக்கூரைக்குப் புகை காவலாயிருந்தது. அன்றியும் ஓலையின் இடுக்குகளில் புகை கசிந்து வெளியேறும். லயத்தில் தகரம் வந்தது. தகரத்துக்குப் புகையால் பயன் ஒன்றுமில்லை. அது புகையைக் கசியவும் விடாது. பரணும் விதைநெல்லும் இல்லாத தோட்ட வாழ்வில் புகையின் பயன்கள் எல்லாம் நீங்கின. தீங்கு மட்டும் எஞ்சியது. விடியுமுன் எழுந்து, சமைத்து, பிள்ளைகளுக்கு எடுத்து வைத்து, பிரட்டுக்குப் போய்ப் பின் மரம் வெட்டச் சென்ற பெண், தன் நாளின் முதல் உழைப்பை இருட்டிலும் புகையிலும் செய்தாள். மழைக்காலத்தில் ஈர விறகு அதனை இருமடங்காக்கியது. முதுகில் கட்டிய குழந்தையும் அதே காற்றை மூச்சாக இழுத்தது.

மலாய்க் கூட்டரசு மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு குடியிருப்பு, நீர், மருத்துவம், பள்ளி ஆகியவற்றில் முதலாளியின் கடமைகளை வரையறுத்தது. தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் பெருகியதற்கும் அச்சட்டம் ஒரு காரணம். நாளடைவில் நீள் லயங்கள் குறைந்து, தனிச் சமையலறையுள்ள வீடுகள் வந்தன. 1966இல் தொழிலாளர் வீட்டு வசதிக்கெனக் குறைந்தபட்சத் தரத்தை வகுக்கும் சட்டமும் இயற்றப்பட்டது. இவை பெரும் முன்னேற்றங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் லயத்து அடுப்புக்குப் புகைபோக்கி பொது வழக்காகவில்லை. அனலை அடக்கும் அறிவு இல்லாமற் போனதன்று காரணம். கூப்பிடு தொலைவில் புகைக் கூடத்தில் அந்த அறிவு நாள்தோறும் வேலை செய்துகொண்டிருந்தது. ரப்பர் கெட்டால் கணக்கேட்டில் நட்டம் தெரியும்; பெண்ணின் கண் கெட்டால் எந்தக் கணக்கேட்டிலும் தெரியாது. வேறுபாடு இதுவே.

வார்தாவும் ஐதராபாத்தும்

அடுக்களைப் புகையை ஆராய்ச்சிக்குரிய பொருளாக மதித்த முயற்சி இந்தியாவில் தோன்றியது. 1934இல் அமைந்த அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கம் வார்தாவின் மகன்வாடியில் இயங்கியது. தஞ்சையிற் பிறந்த பொருளியலறிஞர் ஜே. சி. குமரப்பா அதன் செயலாளர். அங்கே உருவான ‘மகன் சூலா’ என்னும் புகையற்ற அடுப்பு 1940களில் அறிமுகமாயிற்று.

ஐதராபாத்துப் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தின் டாக்டர் எஸ். பி. ராஜூ இவ்வேலையை மேலும் நடத்தி, 1953இல் சென்னையில் அதுபற்றி ஒரு நூல் வெளியிட்டார். கோடிக்கணக்கான மக்களுக்குப் புகையற்ற சமையலறை என்பதே அந்நூற்பெயரின் கருத்து. அவருடைய அடுப்பைக் காணும் தமிழ்ப்பெண்ணுக்கு அது அயலாகத் தோன்றாது. மண்ணாலான உடல், விறகுக்கு ஒரே வாய், ஒன்றன்பின் ஒன்றாய்ப் பாத்திரக் குழிகள், அவற்றை இணைக்கும் உள்வழி. ஆம், அது கொடியடுப்பின் நெருங்கிய உறவு. இறுதிக் குழிக்குப் பின் புகைபோக்கியும், இழுப்பைக் கூட்டிக் குறைக்கத் தடுப்புத் தகடும் சேர்ந்தன. பிராங்க்ளினும் ரம்போர்டும் கணப்புக்குச் செய்ததை ராஜூ மண்ணடுப்புக்குச் செய்தார் என்பது மிகையன்று.

இந்திய அரசு 1983இல் திருந்திய அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி, 2002க்குள் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகளை வழங்கியது. அவற்றுட் பல நீடிக்கவில்லை. புகைபோக்கியைத் துடைப்பார் இல்லை; குழியின் அளவு வீட்டுப் பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை; உடைந்ததைத் திருத்த ஆள் இல்லை. பயன்படுத்துவோரைக் கேளாமல் வழங்கிய பொருள் மூலையிற் கிடந்தது. கொடியடுப்பை வனைந்தவள் தன் பானைக்கு அளவெடுத்து வனைந்தாள் என்பதை அத்திட்டம் மறந்தது.

தாண்டிச் சென்ற படி

கிள்ளான் பள்ளத்தாக்கு இப்படியை மிதியாமலே தாண்டிவிட்டது. நகரக் குடியிருப்புகளில் குமுட்டி அடுப்பும் மண்ணெண்ணெய் அடுப்பும் இடைக்காலத்தில் ஆண்டன. பின்பு எரிவாயு உருளை வந்தது. தோட்டத்துக் குசினிகளிலும் சுவரோரத்து விறகுக்குவியல் மெல்ல மறைந்தது. தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாக மாற, மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குச் சென்றனர். பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்பில் புகழ்பெற்ற ‘நூறு வீடுகள்’ இப்போது இல்லை. புகைபோக்கி வைத்த விறகடுப்பு என்னும் இடைநிலை இவ்வட்டாரத் தமிழ் வீட்டில் பெரும்பாலும் வரவேயில்லை. திறந்த புகையிலிருந்து நீலச் சுடருக்கு ஒரே தாவல்.

அதனால் இழப்பில்லை என்று கருதலாகாது. இத்தாவலுக்கு முன் ஏறத்தாழ மூன்று தலைமுறைப் பெண்கள் அப்புகையை உட்கொண்டனர். உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020ஆம் ஆண்டில் மட்டும் வீட்டுக்குள் எழும் மாசுக்காற்றால் உலகில் 32 இலட்சம் பேர் இறந்தனர். அவர்களுள் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் 2,37,000க்கும் மேற்பட்டோர். மூச்சுக்குழல் நோய், நுரையீரற் புற்று, இதயநோய், கண்புரை ஆகியவற்றோடு அடுக்களைப் புகைக்குள்ள உறவு இன்று ஐயமின்றி அறியப்பட்டுள்ளது. முன்னைய காலத்து லயங்களில் நெடுநாள் இருமலைக் குளிரின்மேலும் பனியின்மேலும் சுமத்தியபோது, அடுப்பின் பங்கை எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

எஞ்சி நிற்கும் தீ

இன்று விறகுத் தீ இவ்வட்டாரத்தில் சிறப்பு நாளின் தீயாகிவிட்டது. தைத்திங்கள் முதல் நாள் பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் வீட்டு முன்றிலில் மூன்று செங்கல் கூட்டிப் பொங்கல் வைக்கின்றனர். கோயில் அன்னதானத்துக்குக் கோட்டை அடுப்பு எரிகிறது. திறந்த வெளியில், சிறிது நேரம், மகிழ்ச்சியோடு எரியும் அத்தீயை யாரும் குறை கூறார். ஆனால் அம்மூன்று செங்கல்தான் ஒரு காலத்தில் ஆண்டின் 365 நாளும் ஒரு பெண்ணின் முகத்துக்கு நேரே எரிந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பழைய மாளிகையின் கணப்பைப் போற்றுவோர் அதன் ஓட்டையும் சட்டத்தையும் காத்து, உள்ளே புதிய அடுப்பைப் பொருத்துகின்றனர். அதற்கென நெறிகளையும் வகுத்துள்ளனர். லயத்து அடுப்பைக் காப்பார் அரியர். லயம் இடிக்கப்படும்போது கரிபிடித்த மண்மேடு முதலில் கரைந்துபோகிறது. கோயிலும் பள்ளியும் படத்தில் எஞ்சுகின்றன. குசினியைப் படம் பிடித்தவர் சிலரே. எந்தத் தீயில் சமைத்து ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதோ, அந்தத் தீயின் வரலாறு அச்சமுதாயத்தின் முதியோர் நினைவில் மட்டும் தங்கியிருக்கிறது.

அந்நினைவைத் திரட்டுதல் தமிழாசிரியர் எளிதாகச் செய்யக்கூடிய ஆராய்ச்சி. உங்கள் வீட்டுப் பாட்டி எதில் சமைத்தார், விறகு எங்கிருந்து வந்தது, புகை எங்கே போயிற்று என்று மூன்று வினாக்களை ஒரு வகுப்பு மாணவர்கள் கேட்டு எழுதி வந்தால், ஒரு தோட்டத்தின் வரலாறே உருப்பெறும். குறுந்தொகையின் புதுமணப்பெண்ணை விளக்கும்போது அவ்விடைகளும் வகுப்பறையில் துணை நிற்கும். அவள் கண்ணிற் பட்ட புகை உவமைக்காக எழுந்ததன்று. அடுப்பிலிருந்து எழுந்தது என்பதை அப்போது மாணவர் உணர்வர்.